தாயின் மூச்சும் நஞ்சுக்கொடியும்

கர்ப்பிணிக்குக் கொரோனா என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமா?’ என்பதுதான். இயல்பான அச்சம்தான். ஆனால் 2020 முதல் பல நாடுகளில் சேர்ந்த தரவுகள் இதற்கு ஆறுதலான பதிலையே தருகின்றன. தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகவே பரிசோதனையில் கிருமி தெரிந்தது. அவற்றிலும் கருப்பையிலேயே தொற்றியது என்று உறுதிசெய்யப்பட்டவை மிகச் சில. ஆகவே அஞ்சவேண்டிய இடம் வேறு. இந்த நோய் குழந்தையை இரண்டு வழிகளில் தாக்குகிறது: ஒன்று தாயின் நுரையீரல், மற்றொன்று நஞ்சுக்கொடி. இரண்டுமே தாயின் உடலில் நடப்பவை. இதைப் புரிந்துகொள்ளாத வீடுகளில் குழந்தைக்கு ஆகாது என்று காய்ச்சல் மாத்திரையைத் தவிர்க்கிறார்கள், எக்ஸ்ரேயை மறுக்கிறார்கள், தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார்கள். குழந்தையைக் காப்பதாக எண்ணி எடுக்கும் இந்த முடிவுகள்தான் குழந்தையை ஆபத்தில் தள்ளுகின்றன. தாய்க்குச் செய்யவேண்டிய சிகிச்சையைத் தாமதமின்றிச் செய்வதே குழந்தைக்குச் செய்யும் சிகிச்சை என்பதை இந்த அத்தியாயம் சான்றுகளோடு விளக்குகிறது.

முதலில் மூச்சு. கர்ப்பம் முதிர முதிர, கருப்பை மேலெழும்பி உதரவிதானத்தை ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் வரை மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் மிஞ்சி நிற்கும் காற்றின் அளவு இதனால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அந்தக் காற்றுதான் மூச்சு தடைபடும் நேரத்தில் உடல் நம்பியிருக்கும் சேமிப்பு. அதே வேளையில் உடலுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜனோ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவு கூடிய குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளம் தவறினால் என்ன ஆகுமோ, அதுதான் நிமோனியா வந்த கர்ப்பிணிக்கும் ஆகிறது. மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் தாங்கும் இடத்தில் அவர் சில மணி நேரத்தில் சரிந்துவிடலாம். இதோடு, பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தாங்குவதற்காகக் கர்ப்பிணியின் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மையைப் பெற்றிருக்கும். கொரோனாவும் ரத்தத்தை உறையவைக்கும் நோய். இரண்டும் சேரும்போது காலின் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி அடைக்கும் அபாயம் பெருகுகிறது.

உடற்கூற்றிலிருந்து ஊகித்ததைப் புள்ளிவிவரங்களும் உறுதிசெய்தன. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், அறிகுறிகளுடன் நோய் கண்ட, 15 முதல் 44 வயதுக்குட்பட்ட சுமார் நான்கு லட்சம் பெண்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஆயிரம் கர்ப்பிணிகளில் 10.5 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். கர்ப்பமில்லாதவர்களில் அது 3.9. செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டவர்கள் முறையே 2.9, 1.1. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 18 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து வந்த இன்டர்கோவிட் ஆய்வு, தொற்றிருந்த 706 கர்ப்பிணிகளையும் தொற்றில்லாத 1,424 கர்ப்பிணிகளையும் ஒப்பிட்டது. முதல் குழுவில் 11 தாய்மார் இறந்தார்கள், இரண்டாவது குழுவில் ஒருவர். குறைப்பிரசவம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடியிருந்தது. இந்தியாவில் நிலைமை இதைவிடக் கொடுமையாக மாறியது 2021-இன் இரண்டாம் அலையில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அந்த ஆண்டு ஜூனில் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, நோய் கண்ட கர்ப்பிணிகளிலும் பிரசவித்த பெண்களிலும் அறிகுறி தோன்றியவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாவதில் 28.7 சதவீதம். இறப்பு விகிதம் 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாகத் தாவியது. டெல்டா வகைக் கிருமியின் வேகம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இடமே இருக்கவில்லை. அலை உச்சத்தில் இருந்த ஏப்ரல், மே மாதங்களை அவர்கள் கவசமின்றியே கடந்தார்கள்.

இந்த எண்களை மறுத்துச் சொல்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு நோய் லேசாகவே வந்து போனது என்கிறார்கள். உண்மை. அறிகுறியே இல்லாமல், பிரசவத்துக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில்தான் பலருக்குத் தெரிந்தது. ஆயிரத்தில் பத்துப் பேருக்கு ஐசியூ என்றால் மீதி 990 பேருக்குத் தேவைப்படவில்லை என்றுதானே பொருள்? ஆம், ஆகவேதான் பதற்றம் வேண்டாம் என்கிறோம். ஆனால் அந்தப் பத்துப் பேரில் நீங்கள் ஒருவரா என்பது முதல் நாளில் எவருக்கும் தெரியாது. இரண்டாவது மறுப்பு கூர்மையானது: கர்ப்பிணி என்றாலே மருத்துவர் எச்சரிக்கையாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுவார், அதனால்தான் எண்ணிக்கை கூடியது என்பது. சேர்ப்பதில் அந்த எச்சரிக்கை கலந்திருக்கலாம். ஆனால் யாரும் எச்சரிக்கைக்காக ஒருவருக்குத் தொண்டைக்குள் குழாய் செருகுவதில்லை, எச்சரிக்கைக்காக யாரும் இறப்பதுமில்லை. அந்த இரண்டு எண்களும் கூடியிருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, முப்பத்தைந்தைக் கடந்த வயது ஆகியவை இருந்தவர்களுக்கே அபாயம் அதிகம் என்பதும் சரியே. தமிழகத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். ஆகவே அது ஆறுதல் தரும் வாதமே இல்லை.

இரண்டாவது வழி நஞ்சுக்கொடி. இதைப் பற்றித்தான் வீடுகளில் பேச்சே இல்லை. கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவது அரிது. ஆனால் சில பெண்களுக்கு அது நஞ்சுக்கொடியிலேயே தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தக்குழாய்களைத் தழுவி ஓடும் இடைவெளிகள் நார்ப்பொருளாலும் அழற்சி அணுக்களாலும் அடைபடுகின்றன, அவற்றை மூடியிருக்கும் செல்கள் மடிகின்றன. குழந்தைக்கு நோயே வராமல், அதற்குச் சோறும் மூச்சும் போகும் வழி அடைபட்டுப்போகிறது. 12 நாடுகளில் 64 குழந்தைகள் இறந்து பிறந்ததையும் நான்கு பச்சிளம் குழந்தைகள் இறந்ததையும் ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், நஞ்சுக்கொடியின் திசு சராசரியாக நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அழிந்திருந்தது. அந்தத் தாய்மார் ஒருவரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அயர்லாந்தில் 2021 தொடக்கத்தில் ஆல்பா வகை பரவியபோது இதே காரணத்தால் ஆறு குழந்தைகள் இறந்து பிறந்தன, ஒரு கரு கலைந்தது. அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் கணக்கில், தொற்றிருந்த தாய்மாரிடையே குழந்தை இறந்து பிறந்தது 1.26 சதவீதம், மற்றவர்களிடம் 0.64. டெல்டாவுக்கு முன் இந்த அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. டெல்டா காலத்தில் நான்கு மடங்கு. கிருமியின் வகை மாறும்போது அபாயமும் சேர்ந்து ஏறுகிறது, நுண்ணோக்கியில் நஞ்சுக்கொடியின் சேதமும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் சிறுநீரில் புரதம் இறங்குவதும் சேர்ந்து வலிப்பு வரை கொண்டுபோகும் நோயும் தொற்றுள்ளவர்களிடம் கூடுதலாக இருந்ததாக இன்டர்கோவிட் ஆய்வு கண்டது. அதன் வேரும் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும் என்பது தானே விளங்கும். காய்ச்சல், இருமல், தொண்டைவலி வந்தால் பரிசோதனை செய்துகொண்டு, உங்கள் மகப்பேறு மருத்துவருக்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ அன்றைக்கே தெரிவியுங்கள். மாதம் கூடிய கர்ப்பிணிக்குப் படியேறினால் மூச்சு வாங்குவது சாதாரணம். உட்கார்ந்து ஓய்வெடுத்தால் அது தணியும், ஒரு முழு வாக்கியத்தைத் தடையில்லாமல் பேச முடியும். ஓய்விலும் தணியாத, பேச்சை இடையில் அறுக்கும் மூச்சிரைப்பு கர்ப்பத்தால் வருவதில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் மற்றவர்களுக்கு 94 போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் குறையக் கூடாது. குழந்தைக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேர அந்த அழுத்தம் தேவை. இந்தக் கருவி கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது நம் மக்களுக்கு மிக முக்கியம். ஆகவே 95 என்று காட்டுகிறது, ஆனால் உடல் ஒப்பவில்லை என்றால் உடலை நம்புங்கள். வளைகாப்புக்கு மருதாணி இட்டோ நகப்பூச்சு பூசியோ இருந்தால், சாயம் ஏறாத விரலில் பாருங்கள். இன்னொரு மறைவான சிக்கல் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கொஞ்ச நஞ்சச் சிவப்பணுக்கள் ஆக்ஸிஜனால் நிரம்பியிருந்தாலே கருவி 98 காட்டிவிடும். அந்தச் சிவப்பணுக்களே குறைவு என்பதை அது சொல்லாது. ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் நீடிக்கும் கடுங்காய்ச்சலே கருவுக்குக் கெடுதலோடு தொடர்புடையது என்பதால், மாத்திரைக்குப் பயந்து காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வது தலைகீழான கணக்கு. இப்யூபுரூஃபன் வகை வலிநிவாரணிகளை, குறிப்பாக இருபது வாரத்துக்குப் பிறகு, தவிர்க்க வேண்டும். தொற்றுக் காலத்தில் மருந்துக்கடைகளில் தாராளமாகப் புழங்கிய ஃபேவிபிராவிர் கருவை ஊனப்படுத்தக்கூடியது, மோல்னுபிராவிரும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பழைய சீட்டையோ பக்கத்து வீட்டு மாத்திரையையோ நம்பி இவற்றை விழுங்கிவிடாதீர்கள். கபசுரக் குடிநீர் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று காட்டும் போதிய ஆய்வு இல்லை. ஆவி பிடிப்பதால் கிருமி சாவதில்லை, வயிற்றைச் சுமந்துகொண்டு கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிவதில் தீக்காய அபாயமே மிச்சம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் எடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் அசைவு. நஞ்சுக்கொடி பாதிக்கப்படுவதை வீட்டிலிருந்தே உணரக்கூடிய ஒரே அடையாளம் அதுதான், அதுவும் தாயின் காய்ச்சல் இறங்கி, இருமல் நின்று, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நினைக்கும் நாட்களில் வரக்கூடும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு வழக்கமான துடிப்பு குறைந்ததாகத் தோன்றினால் காலைவரை காத்திருக்காமல், பிரசவத்துக்கான அவசர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் அரசு சீமாங் மையங்கள் இதற்காகவே இயங்குகின்றன. 108-ஐ அழைக்கும்போது கர்ப்பிணி என்பதையும் எத்தனை மாதம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் எழும் தயக்கங்களில் பெரியது கதிர்வீச்சு. மார்பு எக்ஸ்ரேயால் குழந்தைக்குச் சேரும் அளவு ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. மார்பு சிடி ஸ்கேனில்கூட அது ஒரு மில்லிகிரேக்குள் அடங்கும். கருவுக்குத் தீங்கு என்று கருதப்படும் எல்லை 50 மில்லிகிரே. நிமோனியாவைக் கண்டுபிடிக்காமல் விடுவதன் அபாயத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஸ்டீராய்டு ஊசி என்றாலும் வீட்டார் திகைக்கிறார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களின் உயிரை அது காக்கிறது என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் நிறுவியது. கர்ப்பிணிகளையும் சேர்த்துக்கொண்ட ஆய்வு அது. அவர்களுக்கு நஞ்சுக்கொடியை அதிகம் கடக்காத பிரெட்னிசோலோன் போன்றவற்றையே கொடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. கொரோனா வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை. 2020 தொடக்கத்தில் சீனாவில் அப்படித்தான் பெரும்பாலும் செய்தார்கள், பின்னர் வந்த அனுபவம் அதை மாற்றியது. தாய்க்கு மூச்சு மிக மோசமாகி, குழந்தையை வெளியே எடுத்தால்தான் அவருக்குச் சுவாசிக்க இடம் கிடைக்கும் என்ற நிலையில் மருத்துவர் முன்கூட்டியே பிரசவம் பார்க்க முடிவெடுக்கலாம். குறைப்பிரசவங்கள் கூடியதற்கு இத்தகைய முடிவுகளும் ஒரு காரணம். அந்தக் கட்டத்தில் ‘தாயா, குழந்தையா’ என்று குடும்பம் தடுமாறத் தேவையில்லை. பெரும்பாலும் இருவருக்கும் வழி ஒன்றுதான்.

நுரையீரல் பாதிப்புக்காவது சிகிச்சை இருக்கிறது. அழிந்துவிட்ட நஞ்சுக்கொடியைச் சரிசெய்ய மருந்து கிடையாது. அதனால்தான் தடுப்பூசிக்கு இத்தனை அழுத்தம் கொடுக்கிறோம். தொடக்கத்தில் கர்ப்பிணிகளை வைத்துச் சோதிக்கவில்லையே என்ற கேள்வி 2021 ஜனவரியில் நியாயமானது. 2020-இல் நடந்த பெரிய ஆய்வுகள் அவர்களை விலக்கியே வைத்தன, அது அவர்களுக்கு இழைத்த அநீதி என்றே சொல்ல வேண்டும். பிறகு சான்றுகள் வந்தன. நார்வேயில் கருச்சிதைவானவர்களையும் ஆகாதவர்களையும் ஒப்பிட்டு 2021 அக்டோபரில் வந்த ஆய்வு, தடுப்பூசிக்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பில்லை என்றது. ஸ்காட்லாந்தில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த கர்ப்பிணிகளில் 98 சதவீதம் பேர் தடுப்பூசி போடாதவர்கள். கர்ப்பத்தின்போது தாய் போட்டுக்கொண்டால் எதிரணுக்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகின்றன. அப்படிப் பிறந்த குழந்தைகள் முதல் ஆறு மாதத்தில் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 61 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவில் கண்டார்கள். அந்த வயதுக் குழந்தைக்கு நேரடியாகப் போடத் தடுப்பூசியே இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்திய அரசு 2021 ஜூலை 2-இல் கர்ப்பிணிகளுக்கு அனுமதி தந்தது. அந்த மாதம் முடிவதற்குள் நாடு முழுவதும் போட்டுக்கொண்ட 2.27 லட்சம் கர்ப்பிணிகளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுப் பெண்கள், எல்லா மாநிலங்களிலும் இதுவே அதிகம். நம் கிராமத்துச் செவிலியர்களின் உழைப்பு அதில் தெரிகிறது.

‘அதெல்லாம் டெல்டா காலம், இப்போது சாதாரணச் சளிதானே’ என்பதும், ‘அமெரிக்காவே கர்ப்பிணிகளுக்கு நிறுத்திவிட்டதே’ என்பதும் இன்று அதிகம் கேட்கும் மறுப்புகள். முதலாவதில் பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் அவசர நிலையை முடித்துவைத்தது, ஓமிக்ரான் வகைகள் நுரையீரலை முன்போல் தாக்குவதில்லை, பெரும்பாலோருக்குப் பழைய தொற்றாலோ ஊசியாலோ எதிர்ப்பாற்றல் இருக்கிறது. ஆனால் ஓமிக்ரான் காலத்தில் 4,618 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த அடுத்த இன்டர்கோவிட் ஆய்வும், தடுப்பூசி போடாமல் அறிகுறிகளோடு நோய் கண்டவர்களுக்குச் சிக்கல்கள் கூடுதல் என்றே கண்டது. ஊக்கத் தவணையும் போட்டவர்களுக்குக் கடும் சிக்கலிலிருந்து 76 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. அலைகளின் காலத்தில் பள்ளிச் சிறுமியாக இருந்து, இப்போது முதல் முறையாகத் தாயாகப்போகும் பெண்ணின் உடலில் எவ்வளவு எதிர்ப்பாற்றல் மிஞ்சியிருக்கிறது என்று யாரும் உறுதி கூற முடியாது. இரண்டாவது மறுப்புக்கு விடை: 2025 மே மாதத்தில் அமெரிக்க சுகாதாரத் துறை ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கான பரிந்துரையை விலக்கியது உண்மை. ஊசி கருவுக்குத் தீங்கு செய்ததாகப் புதிய சான்று எதுவும் கிடைத்ததால் வந்த முடிவு இல்லை அது. அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு அதை ஏற்காமல் தொடர்ந்து பரிந்துரைக்கிறது. கடைசித் தவணை எப்போது போட்டீர்கள், இப்போது எங்கே கிடைக்கும் என்பதை முதல் பரிசோதனையிலேயே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கிடைக்காத இடங்களில் சளி, காய்ச்சல் உள்ளவர்களை வீட்டுக்கும் வளைகாப்புக்கும் வரவேண்டாம் என்று முகம் கோணாமல் சொல்லும் பொறுப்பு மாமியாரும் கணவரும் எடுத்துக்கொள்ள வேண்டியது. கர்ப்பிணியையே அதைச் சொல்லவைக்காதீர்கள்.

தொற்றுக்குப் பயந்து மாதாந்தரப் பரிசோதனையை விட்டுவிடுவதும் ஒரு ஆபத்து. நேபாளத்தில் 2020 பொதுமுடக்கத்தின்போது ஒன்பது மருத்துவமனைகளில் பிரசவங்கள் பாதியாகக் குறைந்தன. குழந்தை இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆக ஏறியது. கிருமி செய்ததைவிட, வராமல் போனது செய்த சேதம் அது. தனிமை முடிந்ததும் விட்டுப்போன ரத்தக்கொதிப்பு, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள். பிரசவத்தின்போது தொற்று இருந்தாலும் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை. தாய்ப்பால் வழியே நோய் பரவியதாகச் சான்றில்லை, அதிலுள்ள எதிரணுக்கள் குழந்தைக்கு நன்மையே. முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, முதல் மணி நேரத்திலேயே சீம்பாலைக் கொடுக்கலாம். எழுந்திருக்க முடியாத நிலை என்றால் பாலைப் பீய்ச்சி, தொற்றில்லாத ஒருவர் பாலாடையால் புகட்டலாம். ரத்தம் உறையும் அபாயம் பிரசவத்தோடு முடிவதில்லை, ஆறு வாரம் வரை நீடிக்கும். படுக்கையை விட்டு எழக்கூடாது என்ற பத்தியத்தை இங்கே தளர்த்தி, முடிந்தவரை எழுந்து நடமாட விடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென நெஞ்சு குத்தி மூச்சு திணறினாலோ, அது பிள்ளை பெற்ற அசதி என்று விட்டுவிடாமல் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.